ஒரே தாயின் மகள்கள், வேறு வேறு உருவில்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய், திருச்செந்தூர் சாலையில் கொஞ்ச தூரம் கடந்தால் இருபுறமும் உப்பளம். உப்பு விளையும் பாத்திகளை விட்டுவிடுங்கள். அதற்கு முன், கடல்நீரைத் தேக்கிச் சுண்ட வைக்கும் பாத்திகளின் ஓரத்தில் கோடையில் குனிந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், 11 ஜோடிக் கால்களைத் துழாவியபடி, மல்லாந்து நீந்தும் உயிர்கள் தெரியும். ஆர்டீமியா. இறால் குஞ்சு வளர்ப்பவர்களுக்கும் வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கும் நன்றாகப் பழகிய தீவனம்.

தூத்துக்குடியின் பூர்வீக ஆர்டீமியாவில் ஆணே தேவையில்லை. தாய் தனியாகவே மகள்களைப் பெறுகிறாள். அவர்கள் பெரும்பாலும் தாயின் மறுபடிவங்கள். ஆனால், ஒரே வம்சத்து மகள்களும் வேறு வேறு உப்புத் தண்ணீரில் வளர்ந்தால் ஒன்றுபோல் இருப்பதில்லை. லிட்டருக்கு 35 கிராம் உப்பு கொண்ட கடல்நீர் வெயிலில் சுண்டச் சுண்ட, அதில் வளரும் ஆர்டீமியாவின் உடல் சிறுக்கிறது. வால் நுனியின் இரு கிளைகள் குட்டையாகி, அவற்றிலுள்ள மயிரிழைகளும் குறைகின்றன. உப்பு மிகுந்த, சூடான தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் கரையாது. அதை ஈடுகட்ட இவை ஹீமோகுளோபினைக் கூடுதலாகச் சுரந்து சிவக்கின்றன. பிள்ளைப்பேறும் மாறிவிடும். தண்ணீர் இதமாக இருந்தால் உயிருள்ள குஞ்சாகவே ஈனும். நிலைமை கெட்டால், ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாத, கெட்டி ஓடு போர்த்த முட்டைகளை இடும்.

இந்த உருமாற்றம் ஒரு பெரிய விஞ்ஞானச் சண்டையையே கிளப்பியது. கருங்கடல் கரையில், ஒடெசா அருகே உள்ள உப்பு ஏரியில் 1871-இல் அணை உடைந்தது. தண்ணீரின் உப்பு குறைந்தது. அணையைச் சீர்செய்த பின் மறுபடி ஏறியது. அந்த ஏற்றத்தோடு ஆர்டீமியாவின் வால் மாறுவதைப் பார்த்த ஆய்வாளர் ஷ்மான்கெவிச், ஓர் இனம் இன்னோர் இனமாகிவிட்டது என்று 1875-இல் எழுதினார். பரபரப்பு இருக்காதா! மத்திய ஆசிய ஏரிகளுக்கே போய் ஆர்டீமியாவைச் சேகரித்த உயிரியலாளர் வில்லியம் பேட்சன் அதை ஏற்கவில்லை. உப்புக்கேற்ப உருவம் மாறுவது உண்மை, இனம் மாறுவதில்லை என்பதே இன்றைய முடிவு. ஆகவே இரண்டு உப்பளத்து ஆர்டீமியாக்களை ஒப்பிடுகிறவர், இரண்டையும் ஒரே தண்ணீரில், ஒரே தீவனத்தில், ஒரே வெப்பத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் மிஞ்சுகிற வித்தியாசமே வம்சத்துக்கு உரியது.

இது வெறும் ஆய்வக நுணுக்கம் அல்ல. மீன் வளர்ப்புக்காக வந்த அமெரிக்க ஆர்டீமியா இந்திய உப்பளங்களில் குடியேறி, பூர்வீக இனத்தை ஓரங்கட்டுவதாக 2012-இல் ஓர் ஆய்வு சொன்னது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. உடல் அளவையும் வாலையும் மட்டும் பார்த்து வந்தேறியை அடையாளம் காண முடியாது. அவற்றைத் தண்ணீர் தீர்மானிக்கிறது. வேறொரு குறி இருக்கிறது. வந்தேறி இனத்தில் ஆண்கள் உண்டு. தலையில் பெரிய கொக்கிகளோடு, பெண்ணை இறுகப் பற்றியபடி ஜோடி ஜோடியாக நீந்தும். தூத்துக்குடிப் பாத்தியில் அப்படி ஜோடிகள் கூட்டமாகத் தெரிந்தால், அங்கே வந்தேறி இறங்கிவிட்டது என்று அர்த்தம்.