கட்டிய வீடும் கட்டட அனுமதியும்

வன்னிப் பெருநிலத்தில் வீடு என்பது ஒரே ஆண்டிற் கட்டி முடிக்கப்படும் பொருளன்று. முதலில் ஓர் அறையும் அடுக்களையும் எழும். வயல் நன்கு விளைந்த ஆண்டில் விறாந்தை சேரும். பிள்ளை வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும்போது வீதிப்பக்கத்தில் ஒரு கடையறை தோன்றும். இவ்வாறு வளர்ந்த வீட்டை விற்கவோ, மகளுக்குச் சீதனமாக எழுதவோ முற்படும் நாளிலேதான், இவற்றைக் கட்டுவதற்குப் பெற்ற அனுமதி எங்கே என்னும் வினா எழுகின்றது.

இவ்வினாவுக்கு அடிப்படையாயுள்ளது 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமாகும். அச்சட்டம் நடைமுறையிலுள்ள உள்ளூராட்சி எல்லைகளில், புதிய கட்டடத்துக்கு மட்டுமன்றி, உள்ள கட்டடத்தை மாற்றிப் பெருப்பிப்பதற்கும் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். வேலை முடிந்தபின், கட்டடம் வரைபடத்துக்கு ஏற்ப எழுந்துள்ளதெனக் கூறும் அமைவுச் சான்றிதழும் பெறுதல் வேண்டும். காற்றும் வெளிச்சமும் புகாத அறை, வீதியை நெருக்கும் சுவர் முதலியவற்றைத் தடுப்பதே இதன் நோக்கம்.

அனுமதி இல்லையென்பதனால் விற்பனை உறுதி செல்லாது போய்விடுமா? அவ்வாறன்று. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டப்படி, காணி உறுதி நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் நிறைவேறினாற் போதும். ஆயினும் உறுதி காணியின் உரித்தைக் கூறுமேயன்றிக் கட்டடத்தின் ஒழுங்கைக் கூறாது. அனுமதியற்ற பகுதியை இடிக்குமாறு நீதவான் கட்டளையிடவும் இடமுண்டு. அந்த அச்சம் காணியோடு வாங்குபவரிடம் செல்லும். ஆகவே வங்கி கடன் தரத் தயங்கும்; விலையும் இறங்கும்.

வன்னியில் இச்சிக்கலுக்குத் தனிக் காரணமும் உண்டு. 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினர். உறுதிகளும் வரைபடங்களும் வீடுகளோடு அழிந்தன. பின்னர் 2012 இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கட்டத்தில், குடும்பம் ஒன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா தவணைகளாக வழங்கப்பட்டது. அவ்வீடுகளோடு பின்னர் சேர்த்த அறைகள் பலவற்றுக்கு எவரும் அனுமதி கேட்டதில்லை.

தொலைந்த பத்திரம் வேறு. பெறாத பத்திரம் வேறு. உறுதி தொலைந்திருப்பின், நொத்தாரிசு அனுப்பிய இரண்டாம் படியிலிருந்து காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி கோரலாம். வரைபடம் தொலைந்திருப்பின், பிரதேச சபையின் கோவையைத் தேடுவிக்கலாம். வரிப் பற்றுச்சீட்டு கட்டடம் இருந்தமையைக் காட்டுமேயன்றி, அனுமதி ஆகாது.

அனுமதியே பெறாதவர் பின்னனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். உள்ளபடியே கட்டடத்தை அளந்து வரைபடம் தயாரித்துச் சபையிடம் கொடுத்தல் வேண்டும். அதிகாரிகள் நேரிற் பார்த்து, விதிக்கு உட்பட்டதாயின் கட்டணம் பெற்று அங்கீகரிப்பர். எல்லையை மீறிய பகுதியை மட்டும் அகற்ற நேரிடலாம். விலை பேசுமுன் இது முடிவது நன்று. வாங்குபவர் காத்திருக்கும்போது ஒவ்வொரு நாளும் விற்பவருக்கே நட்டம்.

ஆனால் இவை அனைத்துக்கும் முன்னர் அறியவேண்டியது காணியின் தன்மை. குடியேற்றத் திட்டங்களால் உருவான வன்னியில், பலரிடம் உள்ளவை 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பத்திரங்களே. அச்சட்டத்தின்படி அளிப்புப் பத்திரம் பெற்றவரும் பிரதேச செயலாளரின் முன் இசைவின்றிக் காணியைக் கைமாற்ற இயலாது. அனுமதிப்பத்திரம் மட்டும் உடையவருக்கோ அந்த உரிமையும் இல்லை. அத்தகைய காணியிற் கட்டடத்துக்குப் பெற்ற அங்கீகாரம், காணியை விற்கும் உரிமையைத் தந்துவிடாது.

எனவே வீட்டுக்குரியவர் முதலிற் காணிப் பத்திரத்தையும், அடுத்துக் கட்டட வரைபடத்தையும், பின்னர் அமைவுச் சான்றிதழையும் ஒரே உறையில் வைத்துப் பேணுவது நலம். ஓர் அறை கூட்டும்போது ஒரு தாளும் கூடவேண்டும். வியர்வை சிந்திச் சேர்த்த வீடு அடுத்த தலைமுறைக்கு வழக்காகாமல் வாழ்வாகச் சேர்வதற்கு அத்தாளே துணை.