சமன்செய் பொறியும் அதன் பிணியறி முறையும்

நீர் தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்ளும் இயல்பினது. காஞ்சிமாநகர்க்கு மேற்கே, சென்னை–பெங்களூருப் பெருஞ்சாலையை அடுத்துள்ள தாமல் ஏரியை நோக்குவார்க்கு இவ்வுண்மை இனிது விளங்கும். சுற்றியுள்ள நிலம் மேடுபள்ளமாய்க் கிடப்பினும் நீர்ப்பரப்பு சமனாய் விரிந்துள்ளது. கொத்தர் நீர் நிரப்பிய குழாயைக் கொண்டு சுவரின் மட்டம் காண்பதும் இவ்வியல்பு பற்றியே. ஆயின், பெரும்பாரமுள்ள ஊர்தியொன்றைச் சரிந்த நிலத்திற் சமனாக நிறுத்த வேண்டின், அழுத்தத்தின் ஆற்றலும் வேண்டும். அவ்வாற்றலால் இயங்கும் 'ஹைட்ராலிக்' பொறியையும், அது பழுதுற்றக்கால் மூலத்தை அறியும் நெறியையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மேற் செலுத்திய அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாது பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டிற் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. ஒரு சதுர அங்குலத் தண்டினை 50 இராத்தல் விசையால் அழுத்தின், அதனோடு இணைந்த 20 சதுர அங்குலத் தண்டு 1,000 இராத்தல் சுமையைத் தாங்கும். ஆனால் சிறியது 20 அங்குலம் இறங்கினாலன்றிப் பெரியது ஓர் அங்குலம் ஏறாது. இவ்விதியைக்கொண்டு ஆங்கிலேயராகிய ஜோசப் பிராமா 1795இல் அழுத்தப் பொறியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார்.

நம் நாட்டிலும் இதன் பெருமையைக் கண்டோம். வந்தவாசியை அடுத்த கொரக்கோட்டையில் வெட்டியெடுத்த கோதண்டராமர் பெருஞ்சிலை, 2018ஆம் ஆண்டின் இறுதியில் 240 சக்கரங்கள் பூண்ட ஊர்தியிற் புறப்பட்டு, 2019இல் பெங்களூரை அடைந்தது. இத்தகைய ஊர்திகளின் அச்சுகள் எண்ணெய்த் தண்டுகளின்மேல் அமைவன. ஒரு தொகுதியைச் சார்ந்த தண்டுகளுக்குள் எண்ணெய் ஒன்றோடொன்று கலந்தோடுதலால், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினும் சுமை எல்லாவற்றிற்கும் ஒத்தே நிற்கும்.

உண்டு உறங்கும் வசதியுடைய 'கேரவன்' வண்டியிலோ அமைப்பு வேறு. அதன் நான்கு மூலைகளிலும் ஜாக்கிகள் உள. பாட்டரியால் மோட்டார் சுழல, பம்பு எண்ணெயைத் தள்ள, வால்வுகள் வழிவிட, ஜாக்கிகள் நிலத்தை உந்தி வண்டியை உயர்த்தும். பின்னர் வால்வு மூடி ஒவ்வொரு ஜாக்கியின் எண்ணெயையும் தனித்தனியே சிறைசெய்யும். நான்கும் கலந்தோடுமாயின், பாரமிக்க மூலையின் எண்ணெய் பாரங்குறைந்த மூலைக்குச் சென்று வண்டி சரியும். எனவே தள்ளுதல், அடைத்தல் என்னும் இரண்டுமே இப்பொறியின் உயிர்நிலையாம்.

பிணி தோன்றும் இடம் வேறு. பிறக்கும் இடம் வேறு. பாவில் இழை அறுந்தால் நெசவாளர் தறி முழுவதையும் பிரிப்பதில்லை. அவ்விழையைத் தொடர்ந்தே சென்று அறுந்த இடத்தைக் காண்கின்றனர். அவ்வாறே இங்கும் வரிசை முறை வேண்டும்.

மோட்டாரே சுழலாவிடின் பாட்டரி, பியூஸ், கம்பியிணைப்பு ஆகியவற்றை நோக்குக. கைப்பிரேக்கு இடாதபோது பல வண்டிகளிற் பொறி இயங்க மறுக்கும். அது பழுதன்று, காவல். மோட்டார் சுழன்றும் எந்த ஜாக்கியும் அசையாவிடின் எண்ணெய் குறைந்திருக்கலாம். ஜாக்கிகள் முற்றும் மடங்கிய பின்னரே தொட்டியின் அளவைக் காணல் வேண்டும். நீண்டுள்ளபோது நிரப்பினால், மடங்குங்கால் எண்ணெய் வழிந்தோடும். தண்டு துள்ளித் துள்ளி நகர்ந்தால் எண்ணெயிற் காற்றுக் கலந்ததெனக் கொள்க. பலமுறை முற்ற நீட்டி மடக்கின், காற்றுத் தொட்டி வழியே பெரும்பாலும் நீங்கும்.

ஒரு ஜாக்கி மட்டும் இயங்காவிடின், அதன் வால்வினை இயக்கும் மின்சுருளை நன்னிலையிலுள்ள மற்றொன்றோடு மாற்றிப் பார்க்கலாம். பழுது சுருளோடு இடம்பெயர்ந்தால் சுருளே குற்றமுடையது. பெயராவிடின் மின்கம்பி, வால்வு, குழாய் ஆகியவற்றை ஆராய்க.

இரவில் வண்டி மெல்லத் தாழுமாயின் முதலில் நிலத்தை நோக்குக. ஏரிக்கரை போன்ற ஈரமண்ணில் ஜாக்கியின் அடி புதையும். பலகையிட்டால் அக்குறை தீரும். குளிரால் எண்ணெய் சுருங்குதலாலும் சிறிது தாழ்தல் உண்டு. இவையன்றி மிகத் தாழ்ந்தால், வெளியே கசிவு காணின் சீலும் குழாயும், காணாவிடின் வால்வின் வாயிலிற் படிந்த அழுக்கும் காரணமாகலாம். பொறி "சமன்" என்று காட்டியும் தளம் சரிந்திருப்பின், இரசமட்டத்தை வைத்து உண்மை கண்டு, உணர்கருவியைத் திருத்துக.

இவ்வளவினும் தலையாயது உயிர்க்காப்பு. அடைத்த வால்வு ஒன்றை மட்டும் நம்பி வண்டியின்கீழ் எவரும் புகலாகாது. உறுதியான தாங்கிகளை இட்ட பின்னரே புகுதல் வேண்டும். கசிவைக் கையால் தடவித் தேடுதலும் கூடாது. அட்டையைக் கொண்டே தேடுக. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். புண் சிறிதாய்த் தோன்றினும் உடனே மருத்துவமனையை நாடாவிடின் கையையே இழக்க நேரும். பொறியின் பழுதை நாளையும் நீக்கலாம். போன உயிரை மீட்டல் யாவர்க்கும் அரிது.