கட்டாக்காலி

ஐப்பசி மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு காலைப்பொழுது. வன்னிக் கிராமம் ஒன்றிலே நான் ஆசிரியனாய் இருந்த பாடசாலையின் படலையடியில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தயங்கி நின்றான். கையிலே புத்தகம் இல்லை.

"ஏன் தம்பி, வகுப்புக்கு வரேல்லையோ?" என்று கேட்டேன்.

"எங்கட பசுவைச் சபைக்காரர் பிடிச்சுக்கொண்டு போட்டினம், சேர். அம்மாவோட போய்த் தண்டம் கட்டிக் கொண்டுவர வேணும்."

அயலவர் ஒருவரின் வயலில் இறங்கி இளம் பயிரை அந்தப் பசு மேய்ந்துவிட்டது. பயிரை இழந்தவரின் முறைப்பாடு நியாயமானது. சபை செய்ததும் முறையானதே. ஒரு கிழமைப் பாற்காசு தண்டமாய்ப் போயிற்று. பையனுக்கு இரண்டு நாட் பாடமும் போயிற்று. திரும்பி வந்த அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அப்ப மாட்டை எங்க சேர் மேய்க்கிறது?" அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. இன்று அதனைத் தேடிப் பார்க்கின்றேன்.

அலைந்து திரியும் மாட்டை நம்மவர் 'கட்டாக்காலி' என்பர். 'காலி' என்பது ஆநிரையைக் குறித்த பழஞ்சொல். கட்டப்படாத ஆநிரை என்பதே இதன் பொருள். கட்டாதவன் குற்றவாளி என்ற தீர்ப்பு அச்சொல்லிலேயே அடங்கியிருக்கின்றது. ஆனால், கட்டிவைத்தால் அதற்குத் தீனி எங்கே? முந்நூறு கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 கிலோ பசும்புல் வேண்டும். ஒன்றிரண்டு மாடுகள் உடையவர் வளவிலே கோ-3 புல்லை நட்டுச் சமாளிக்கலாம். நூறு மாடுகளைப் பட்டியாய் வைத்திருப்பவர் என் செய்வார்?

வன்னியின் விந்தை இதுதான். கோடையிலே குளம் வற்றினால் அலைகரைப் புல் உண்டு. அறுவடை முடிந்த வயலிலே தாள் உண்டு. மாரி பிறந்து நிலமெங்கும் பசுமை படரும்போதோ, காலபோகப் பயிர் வயலை அடைத்துவிடும். பெருகிய நீர் அலைகரையை மூடிவிடும். புல் தழைக்கும் காலத்திலேதான் மாட்டுக்குக் கால்வைக்க இடமில்லை! முன்னாளிலே பட்டிகளைக் காட்டோரத் தரவைகளுக்குச் சாய்த்துச் செல்வார்கள். இன்று அவற்றுட் பல ஒதுக்கக் காடாகவோ குடியேற்ற நிலமாகவோ எல்லையிடப்பட்டுவிட்டன.

இந்த நிலையின் கொடுமையை 2022 டிசம்பர் மாதம் நமக்குக் காட்டிற்று. மாண்டஸ் புயலையொட்டி வீசிய குளிர்காற்றிலும் மழையிலும் வடக்குக் கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. திறந்த வெளியிலே ஒதுங்கக் கூரையின்றி நின்ற மந்தைகள் ஓரிரவில் சாய்ந்தன. பட்டிக்காரன் ஒருவனின் ஆயுட்காலச் சேமிப்பு விடிவதற்குள் அழிந்தது. வள்ளுவர் கல்வியைப் பேசுமிடத்தில் 'மாடு' என்ற சொல்லைச் செல்வம் என்ற பொருளில் ஆண்டதை வகுப்பிலே விளக்கும் ஆசிரியர்கள், அச்செல்வம் சேற்றிலே கிடந்த காட்சியை எங்ஙனம் மறப்பர்?

இனி, உதவிக்கு எவரை நாடுவது? 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தத்தின்படி கால்நடை வளர்ப்பு மாகாணத்துக்குரிய விடயம். மிருக வைத்தியரும் தடுப்பூசியும் அவ்வழி வருவன. அரச காணியோ பிரதேச செயலகத்தின் பொறுப்பு. காடு வனத் திணைக்களத்துக்குரியது. அதே 1987இன் சட்டத்தினாற் பிறந்த பிரதேச சபையின் கையிலே கட்டாக்காலி பிடிக்கும் கயிறு இருக்கின்றது. இங்ஙனம் ஒரு மாட்டுக்கு நான்கு வாசல்கள். நான்கிலும் புல் இல்லை.

நல்ல இனப் பசுக்களை மானியமாய் வழங்கும் விழாக்களை நான் குறை கூறேன். ஆயினும், மேயத் தரையில்லாதவனுக்கு மாடு கொடுப்பது, எண்ணெய் இல்லாதவனுக்கு விளக்குக் கொடுப்பதை ஒக்கும். மக்களுக்கு மிக அண்மையில் உள்ளது பிரதேச சபை. மேய்ச்சல் தரைக்கு ஏற்ற இடங்களை அடையாளங்கண்டு தீர்மானம் நிறைவேற்றி, உரிய அலுவலகங்களின் கதவைத் தட்டும் கடமை அதனுடையது. தண்டமாய்ப் பெறும் பணத்தில் ஒரு பங்கையேனும் தண்ணீர்த் தொட்டிக்கும், மாரிக்கு ஒதுங்கும் கொட்டிலுக்கும், தரையின் வேலிக்கும் செலவிட்டால், வயற்காரனும் பட்டிக்காரனும் பகைவராகார்.

இது புதுமையான யோசனையன்று. யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களிலே கேணியருகில் ஆவுரோஞ்சிக்கல் நிற்பதை இன்றும் காணலாம். வழிச்செல்லும் பசு நீர் அருந்தட்டும், உடல் தினவு தீர உரோஞ்சட்டும் என்று நட்ட கல் அது. அதை நட்டவர்கள் மாட்டின் தேவையை அறிந்திருந்தார்கள். பொதுப்பணி அங்கேதான் தொடங்குகின்றது.

அந்த மாணவனின் வினாவுக்கு நான் கண்ட விடை இவ்வளவே: பிடிக்கும் கயிறு எவர் கையில் உண்டோ, மேயுமிடத்தைக் காட்டும் பொறுப்பும் அவருடையதே.