'பேக்-மேன்' பெட்டிக்கு கண் ஆபரேஷன்!
குழாயைக் கழற்றி தட்டைத் திரை வைக்கிறார்கள். ரசிகர்கள் இரண்டு கட்சி

அமெரிக்காவில் சிகாகோ நகரை ஒட்டி பிராங்க்ளின் பார்க் என்ற ஊர் இருக்கிறது. காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டிகளைத் தயாரித்த 'மிட்வே' கம்பெனி இருந்த ஊர் அது.

1978-ல் ஜப்பானில் பிறந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980-ல் பிறந்த 'பேக்-மேன்' இரண்டையும் அமெரிக்காவுக்காக இந்தக் கம்பெனிதான் செய்து விற்றது. பேக்-மேன் பெட்டி மட்டும் 1 லட்சத்தை நெருங்கி விற்றது. மதுக்கடை, சலவைக் கடை, பீட்சா கடை என்று எங்கே பார்த்தாலும் இந்தப் பெட்டிதான். 25 சென்ட் காசைப் போட்டு விட்டுப் பையன்கள் வரிசையில் நின்றார்கள்.

இப்போது அந்தப் பெட்டிகளுக்கு வயது 40-ஐத் தாண்டி விட்டது. மரம் கெட்டியாக இருக்கிறது. கைப்பிடி ஆடுகிறது. ஆனால், கண் போய் விட்டது!

ஒரே கோடு!

கண் என்றால் படக்குழாய். பழைய டெலிவிஷனில் முதுகு துருத்திக் கொண்டு இருக்குமே, அதே கண்ணாடிக் குழாய்தான். பேக்-மேனில் 19 அங்குலக் குழாயைக் குத்துவாக்கில் நிறுத்தி இருப்பார்கள்.

ஆடிக் கொண்டிருக்கும்போதே படம் சுருங்கி ஒரே கோடாக நிற்கும். அல்லது 'பட்'டென்று இருட்டாகி விடும். கடைக்காரர் பெட்டியை ஓரம் கட்டி விடுவார்.

புதுக் குழாய் வாங்கலாம் என்றால் கிடைக்காது. இந்த அளவுக் குழாயைப் பெரிய கம்பெனி எதுவும் இப்போது தயாரிப்பது இல்லை. 1925-ல் சிகாகோவில் தொடங்கி, விளையாட்டுப் பெட்டிகளுக்கு மானிட்டர் செய்து கொடுத்த 'வெல்ஸ்-கார்ட்னர்' கம்பெனியே பிறகு தட்டைத் திரை விற்க வந்து விட்டது.

அதனால், குழாயைக் கழற்றி விட்டு எல்.சி.டி. தட்டைத் திரையை மாட்டும் பழக்கம் வந்திருக்கிறது. இதில்தான் சண்டை!

கனம் இல்லை, சூடு இல்லை

"ஓடாத பெட்டியை வைத்து என்ன செய்வது? ஏதாவது ஒரு திரை போட்டு ஓட விடு" என்பது ஒரு கட்சி.

இவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தட்டைத் திரையில் கனம் இல்லை. சூடு இல்லை. கரண்டு செலவு குறைவு. பல வருஷம் ஒரே படம் ஓடிய குழாயில் பேக்-மேனின் பாதைச் சுவர்கள் தழும்பாகவே பதிந்து விடும். சுவிட்சை அணைத்த பிறகும் கண்ணாடியில் தெரியும். புதுத் திரையில் அந்தத் தொல்லை குறைவு.

உயிருக்கு ஆபத்தும் உண்டு. கலர் குழாயில் 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் பாயும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் உள்ளே தங்கி இருக்கலாம். தெரியாமல் கை வைத்தால் தூக்கி அடித்து விடும். தெரிந்த மெக்கானிக் முதலில் அதை வெளியேற்றி விட்டுத்தான் தொடுவார்.

இடிக்கிறது பொருத்தம்

"எல்லாம் சரி, அது பழைய ஆட்டம் போல இல்லையே!" என்பது எதிர்க்கட்சி.

விளையாட்டுப் பலகை அனுப்பும் சிக்னல் 15 கிலோஹெர்ட்ஸ். சாதாரண கம்ப்யூட்டர் திரை 31-க்குக் கீழே ஏற்காது. நடுவில் சிக்னலை மாற்றித் தரும் ஒரு அட்டை தேவை. மட்டமான அட்டை போட்டால் படம் தாமதமாக வரும். வினாடிக்கு 60 படம் ஓடும் ஆட்டத்தில் இரண்டு, மூன்று படம் பிந்தினால் போதும். கை திருப்பி விடும், பேக்-மேன் திரும்ப மாட்டார். பேய் வந்து பிடித்து விடும்!

வடிவமும் இடிக்கிறது. குழாய் 4-க்கு 3 என்ற அளவு. இன்றைய திரை 16-க்கு 9. நீள வாட்டத்தில் மிச்ச இடம் கறுப்பாகக் கிடக்கும்.

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் நின்று ஆடும் பெட்டியில் திரை நேராகத் தெரியாது. கண்ணாடியில் பட்டு, பின்னால் வரைந்த நிலாப் படத்தின் மேல் விழும். தட்டைத் திரையின் கறுப்பு முழுக் கறுப்பு இல்லை, லேசான வெளிச்சம் உண்டு. அதனால் நிலாவின் மேல் சாம்பல் பூசியது போல ஆகி விடுகிறது.

1979-ல் வந்த 'ஆஸ்டராய்ட்ஸ்' விளையாட்டில் சங்கடம் இன்னும் அதிகம். அதன் குழாயில் மின்கதிர், பேனாவால் கோடு இழுப்பது போல நேராகவே வரையும். தட்டைத் திரை எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாகத்தான் காட்டும். சுடும் குண்டு நட்சத்திரம் போல மின்னுமே, அந்த மினுமினுப்பு போயே போச்சு!

1984-ல் வந்த 'டக் ஹன்ட்' துப்பாக்கி ஆட்டம் அடியோடு படுத்து விடும். குழாயில் வெளிச்சம் தோன்றும் நேரத்தைப் பார்த்துத்தான் அந்தத் துப்பாக்கி குறியை அறிகிறது. தட்டைத் திரை முன்னால் வாத்து சாகாது.

குழாய் குற்றவாளி இல்லை

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. படம் போன பெட்டிகளில் பலவற்றில் குழாய் நன்றாகவே இருக்கிறது. கெட்டது, குழாயை ஓட்டும் சர்க்யூட் போர்டு!

அதில் உள்ள கெப்பாசிட்டர்கள் காய்ந்து போயிருக்கும். சால்டர் விட்டிருக்கும். அல்லது உயர் அழுத்தம் தரும் பிளைபேக் டிரான்ஸ்பார்மர் போயிருக்கும். கெப்பாசிட்டர் செட் 10, 20 டாலருக்குக் கிடைக்கிறது. ஆனால், மாற்றத் தெரிந்த கைகள்தான் குறைந்து வருகின்றன.

இது தெரியாமல் நல்ல குழாயைக் குப்பையில் வீசினால் நஷ்டம் இரண்டு. இன்னொரு பெட்டிக்கு உயிர் கொடுத்திருக்க வேண்டிய குழாய் ஒன்று குறைகிறது. கண்ணாடியில் உள்ள ஈயம் மண்ணுக்குப் போகிறது. சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் டெலிவிஷன், கம்ப்யூட்டர் மானிட்டர்களைக் குப்பைக் கிடங்கில் கொட்ட 2012-ம் ஆண்டு முதல் தடை இருக்கிறது.

எனவே, விவரம் தெரிந்தவர்கள் முதலில் போர்டை ரிப்பேர் பார்க்கிறார்கள். முடியாவிட்டால்தான் தட்டைத் திரை. அப்போதும் மரத்தை அறுப்பது இல்லை. பழைய இரும்புச் சட்டத்தை வெட்டுவதும் இல்லை. கழற்றிய குழாயை, முகம் கீழே இருக்கும்படி மெத்தென்ற துணியில் கவிழ்த்து, எந்தப் பெட்டியில் இருந்து எடுத்தது என்று சீட்டு ஒட்டி, பத்திரமாக வைக்கிறார்கள்.

மெக்கானிக் கிடைக்கும் நாளில் அதே பெட்டியில் அதே கண்ணைத் திரும்பப் பொருத்தலாமே!