வீட்டுக்கு முன் பத்திரம்: வீடமைப்பு உதவி நமக்கு எட்டாமல் போவது ஏன்?

வீட்டுத் திட்டம் ஒன்று வரப்போகிறது என்ற கதை பரவினால் போதும், எங்கள் கிழக்குக் கரையோர ஊர்களில் கிராம உத்தியோகத்தரின் வாசலில் வரிசை நீண்டுவிடும். சில மாதங்களில் பெயர்ப்பட்டியல் வரும். பெயர் இல்லாதவர்கள் "அரசியல்வாதிகளின் ஆட்களுக்குத்தான் கொடுத்தார்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த திட்டத்துக்காகக் காத்திருப்பார்கள்.

அரசியல் செல்வாக்கு இல்லவே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் அது கதையின் ஒரு பாதி மட்டுமே. ஆசிரியர் என்ற வகையில் விண்ணப்பப் படிவம் நிரப்பித் தரும்படி பல பெற்றோர் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் பொலித்தீன் பையைத் திறந்தால் மறுபாதி தெரியும். காணி இன்னும் மௌத்தான வாப்பும்மாவின் பெயரில் இருக்கும். அல்லது வெள்ளைத்தாளில் கையெழுத்து வைத்து வாங்கிய காணியாக இருக்கும். நான்கு பெண்பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சில் பிரித்துக் கொடுத்த வளவுக்கு வரைபடமே இருக்காது. இப்படியான விண்ணப்பம் எந்த அரசாங்கத்திலும் மேசையைத் தாண்டாது.

உதவி எங்கே இருக்கிறது?

1979 இல் உருவாக்கப்பட்ட தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபைதான் இன்றும் வீடற்றோருக்கான பிரதான அரச நிறுவனம். அதற்கு மாவட்ட அலுவலகங்கள் இருக்கின்றன. அரசாங்கம் மாறும்போது திட்டத்தின் பெயர் மாறுமே தவிர, அடிப்படை பெரிதாக மாறுவதில்லை. ஒன்று கடன், மற்றது மானியம். இரண்டிலும் பணம் ஒரேயடியாகக் கைக்கு வராது. அத்திவாரம், சுவர், கூரை என வேலை நகர நகரத் தவணையாகவே வரும்.

2020 இல் கிராம உத்தியோகத்தர் பிரிவு ஒன்றுக்கு ஒரு வீடு என நாடு முழுவதும் 14,022 வீடுகளுக்குத் திட்டமிடப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிரிவுக்கு ஒன்று என்றால் நெருக்கமாக மக்கள் வாழும் எமது ஊர்களில் போட்டி எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் போட்டியில் பத்திரம் குறைந்த விண்ணப்பம் முதலிலேயே கழிந்துவிடும்.

சொந்தக் காணியே இல்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு. அரச காணி பகிர்ந்தளிக்கப்படும்போது பிரதேச செயலாளர் விண்ணப்பம் கோரி, காணிக் கச்சேரி நடத்தித் தகுதியானவர்களைத் தெரிவுசெய்வார். இந்த அறிவித்தல்கள் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டு, யாரும் வாசிக்காமலே கிழிந்து போகின்றன. ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் அவற்றை அறிவித்தால் எத்தனை குடும்பங்களுக்குத் தெரியவரும்!

உங்கள் காணி எந்த வகை?

இதற்கு விடை தெரியாமல் எந்தப் படிவத்தையும் நிரப்பாதீர்கள்.

முதலாவது, உறுதிக் காணி. நொத்தாரிசு எழுதி, காணிப் பதிவகத்தில் பதிவானது. உறுதி இருந்தாலும் அதில் உள்ள பெயர் இப்போது உயிரோடு இருப்பவருடையதா என்று பாருங்கள். உரிமையாளர் மௌத்தாகியிருந்தால் வாரிசுகள் கூடிப் பங்கு பிரித்துப் புதிய உறுதி எழுத வேண்டும். தள்ளிப்போடும் ஒவ்வொரு தலைமுறையிலும் கையெழுத்து வைக்க வேண்டியோர் தொகை பெருகும்.

இரண்டாவது, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பெர்மிட் அல்லது அளிப்புப் பத்திரக் காணி. இங்கேதான் எமது மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். இக்காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. வெள்ளைத்தாளில் எழுதிய விற்பனை சட்டத்தின் முன் செல்லாது. விதவைத் தாய் ஒருவரின் விண்ணப்பம் இந்தக் காரணத்தாலேயே திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பதினைந்து வருடமாக அவர் குடியிருக்கும் காணியின் பெர்மிட் இன்னமும் விற்றவரின் பெயரிலேயே இருக்கிறது.

இன்னொரு விடயம் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். எங்கள் சொத்துகளுக்கு 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் பொருந்துகிறது. ஆனால் பெர்மிட் காணிக்கும் அளிப்புக் காணிக்கும் அது பொருந்தாது. உரியவர் உயிரோடு இருக்கும்போதே பின்னுரித்தாளரைப் பெயர் குறித்துப் பதிவுசெய்ய வேண்டும். மௌத்துக்குப் பின் அந்தப் பதிவைச் செய்ய முடியாது. பெயர் குறிக்காவிட்டால், கணவன் அல்லது மனைவியின் ஆயுட்கால அனுபவிப்புக்குப் பிறகு சட்டம் சொல்லும் வரிசைப்படியே காணி போகும். முன்னர் அந்த வரிசையில் ஆண்களுக்கே முன்னுரிமை இருந்தது. 2022 இல் வந்த திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. இருந்தாலும் எந்தப் பிள்ளை அந்த வீட்டில் வாழ்கிறதோ அந்தப் பிள்ளையின் பெயரைக் குறித்து வைப்பதே பிற்காலச் சண்டைக்கு மருந்து.

மூன்றாவது, எந்தப் பத்திரமும் இல்லாமல் குடியிருக்கும் அரச காணி. "பத்து வருடம் இருந்தால் நமக்குத்தான்" என்ற நம்பிக்கை இங்கே உதவாது. தனியார் காணிக்குச் சொல்லப்படும் பத்து வருட ஆட்சி உரிமை அரச காணிக்கு இல்லை. பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் விண்ணப்பித்து உரித்துப் பெறுவதுதான் வழி.

பெண்பிள்ளைக்கு ஒரு வீடு

கிழக்கில் மகளுக்கு வீடு கொடுப்பது பெற்றோரின் ஆயுட்காலச் சுமை. இந்த வழக்கம் சரியா பிழையா என்பது தனியாகப் பேச வேண்டியது. அதன் விளைவு மட்டும் இங்கே நமக்கு முக்கியம். இருபது பேர்ச் வளவு பத்தாகி, ஐந்தாகி, இப்போது மூன்றில் வந்து நிற்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளின்படி ஒரு துண்டு பொதுவாக 150 சதுர மீற்றருக்கு, அதாவது ஏறத்தாழ 6 பேர்ச்சுக்குக் குறையக்கூடாது. அதற்குக் குறைவான துண்டுக்குக் கட்டட அனுமதி பெறுவது கடினம். அனுமதி இல்லாவிட்டால் கடனும் இல்லை.

அதனால்தான் மேலே மாடி கட்டுகிறோம். ஆனால் மாடியில் வாழும் மகளின் கையில் என்ன பத்திரம் இருக்கிறது? மாடிக்குத் தனி உறுதி வேண்டுமானால் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின்படி வரைபடம் தயாரித்துப் பதிவுசெய்ய வேண்டும். கட்டுவதற்கு முன்பே நில அளவையாளரிடமும் சட்டத்தரணியிடமும் கேட்டுவிடுங்கள்.

வட்டியும் ஸகாத்தும்

அரச வீட்டுக் கடனுக்கு வட்டி உண்டு என்பதால் பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். மார்க்கத் தீர்ப்பு உலமாக்களின் பொறுப்பு. நான் அதில் நுழையவில்லை. ஆனால் "எல்லாம் கடன்தான்" என்று எண்ணி, வட்டியே இல்லாத மானியத்துக்கும் விண்ணப்பிக்காமல் இருப்பது வீணான இழப்பு. இது கடனா மானியமா என்று விண்ணப்பிக்கும்போதே தெளிவாகக் கேளுங்கள்.

ஸகாத் நிதியால் வீடு கட்டிக் கொடுக்கும் குழுக்கள் பல ஊர்களில் நல்ல பணி செய்கின்றன. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் கல் வைக்கும் முன் காணிப் பத்திரத்தைப் பாருங்கள். ஸகாத் ஏழையின் உடைமையாக வேண்டும் என்றால், வீடு நிற்கும் காணியும் அவர் பெயரில் இருக்க வேண்டாமா?

வீடு கட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்பவர்களுக்கு நுரைச்சோலை போதும். சுனாமியால் வீடிழந்தோருக்காக சவூதி அரேபியாவின் நிதியில் அங்கு 500 வீடுகள் எழுந்தன. அவற்றை நாட்டின் இன விகிதாசாரப்படி பகிர வேண்டும் என 2009 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் வருடக்கணக்கில் அந்த வீடுகள் காடு பற்றிக் கிடந்தன. யாருக்கு என்ற கேள்வி தீராதவரை சுவரும் கூரையும் வீடாகாது.

பட்டியலில் பெயர் இல்லாவிட்டால்

கோபப்படுவதை விட எழுதிக் கேட்பது மேல். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. தெரிவுக்கான புள்ளி முறை என்ன, என் விண்ணப்பத்துக்கு எத்தனை புள்ளி, எக்காரணத்தால் நிராகரிக்கப்பட்டது என்று பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

அடுத்த திட்டம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இந்த மாதமே காணிப் பத்திரம், வரைபடம், அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், வாக்காளர் இடாப்புப் பிரதி, வருமானச் சான்று ஆகியவற்றை ஒரு கோவையில் சேர்த்து வையுங்கள். உங்கள் காணி எந்த வகை என்று தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்கு ஒரு நாள் போய்வாருங்கள். எழுத வாசிக்கத் தெரிந்த இளைஞர்கள் பக்கத்து வீட்டு விதவைக்காகவும் முதியவருக்காகவும் அந்த ஒரு நாளை ஒதுக்குங்கள். அவர்களின் தலைக்கு மேல் ஒரு கூரை வருவதற்கு அந்த ஒரு நாளே காரணமாகலாம்.