‘செற்’ என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கிலம் பயிலும் மாணாக்கர் நெடுஞ்சொற்களைக் கண்டே பெரிதும் அஞ்சுவர். ஆயினும், பல அசைகளாலாய கலைச்சொற்கள் பெரும்பாலும் ஒரு பொருளிலேயே நிற்பன. அப்பொருளை ஒருமுறை அறிந்தாற் போதும். உண்மையில் மாணாக்கரை இடர்ப்படுத்துவன ஓரசையாலாய எளிய சொற்களேயாம். அவற்றுள் ஒன்று ‘செற்’ என்பது. ஆங்கிலத்தில் மூன்றெழுத்தாலாய இச்சொல்லுக்கு, 1989 ஆம் ஆண்டில் 20 தொகுதிகளாக வெளிவந்த ஒக்ஸ்போர்ட் ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு, ஏறக்குறைய 430 பொருள்களை வகுத்து, 60,000 சொற்கள் அளவான விளக்கந் தருகின்றது. அப்பதிப்பில் இதனினும் நீண்ட விளக்கம் பெற்ற சொல் பிறிதில்லை. பின்னர் நிகழ்ந்த திருத்தத்தில், 2011 ஆம் ஆண்டளவில், ஓடுதலைக் குறிக்கும் ‘றன்’ என்னும் வினை 645 பொருள்களோடு இதனை விஞ்சிற்று.

மோதிரத்திற் கல்லைப் பதித்தல், எலிக்குப் பொறி வைத்தல், முறிந்த எலும்பைப் பொருத்துதல், பரீட்சைக்கு வினாத்தாள் ஆக்குதல், கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்புதல், அச்செழுத்துக் கோத்தல், பாட்டுக்கு இசையமைத்தல், கோழியை அடை வைத்தல் ஆகிய யாவும் ‘செற்’ என்னும் ஒரு வினையாலே சொல்லப்படும். சீமெந்து இறுகுவதும், தயிர் உறைவதும், ஞாயிறு மறைவதும் அவ்வினையே. இவற்றைத் தனித்தனியே மனனஞ் செய்யப் புகுவோன் களைப்படைவதன்றிப் பயனடையான்.

சொல்லின் வேரை ஆராயின் வழி புலப்படும். ஆங்கிலத்தில் ‘சிற்’ என்பது இருத்தல். ‘செற்’ என்பது இருக்கச் செய்தல். தமிழிலே ‘இரு’ என்னும் தன்வினை ‘இருத்து’ எனப் பிறவினையாவதை இஃது ஒக்கும். நட - நடத்து, வருந்து - வருத்து என இம்முறை தமிழில் இன்றும் வழங்குகின்றது. ஆங்கிலத்திலோ அது வழக்கொழிந்து, விழுதலையும் மரத்தை வீழ்த்துதலையும் குறிக்கும் சொற்கள் போன்ற சில இணைகளே எஞ்சியுள்ளன.

ஆகவே, ‘ஒன்றை அதற்குரிய நிலையில் இருத்துதல்’ என்பதே இவ்வினையின் அடிப்படைப் பொருள். கல் மோதிரத்திலும், எலும்பு தன் இடத்திலும், கோழி முட்டையின் மீதும் இருத்தப்படுகின்றன. ஞாயிற்றுக்கும் இக்கருத்துப் பொருந்தும். பழைய ஆங்கிலத்தார் அதன் மறைவை ‘ஆசனத்துக்குச் செல்லுதல்’ என்னும் பொருள்படவே வழங்கினர்.

எனினும், எல்லாப் பொருளும் ஒரு வேரினின்றே கிளைத்தன எனக் கொள்ளலாகாது. தேநீர்க் கோப்பைகளின் தொகுதியையும், கணிதத்தில் ‘தொடை’ எனப்படுவதையும் குறிக்கும் ‘செற்’ என்னும் பெயர்ச்சொல், பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. இரு வேறு சொற்கள் ஒரே வடிவம் எய்தியபின், ஒன்றன் பொருள் மற்றொன்றன் பொருளையும் சார்ந்தது. தமிழில் மரத்தையும் விலங்கையும் உணர்த்தும் ‘மா’வும், திருமகளை உணர்த்தும் வடசொல்லாகிய ‘மா’வும் வடிவால் ஒன்றாயினமை ஈண்டு ஒப்பிடத்தக்கது.

இத்தகைய சொற்களின் பொருளைத் துணியும் நெறி தமிழ் மாணாக்கர்க்குப் புதிதன்று. பலபொருளொருசொல்லை, வினையால் வேறுபடுவது, வேறுபடாதது எனத் தொல்காப்பியர் இருவகைப்படுத்தினார். ‘மா பூத்தது’ எனின் மரம் என்பதும், ‘மா ஓடிற்று’ எனின் விலங்கு என்பதும் வினையாற் பெறப்படும். ‘மா வீழ்ந்தது’ என்புழியோ வினை உதவாமையின் வேறு குறிப்பு வேண்டப்படும். தமிழிற் பெயரின் பொருளை வினை காட்டுதல் போல, ஆங்கிலத்தில் ‘செற்’ என்னும் வினையின் பொருளை அதனோடு இயையும் பெயரும் இடைச்சொல்லும் காட்டும். ‘அப்’ என்பதோடு சேரின் நிறுவுதல். ‘அவுற்’ என்பதோடு சேரின் புறப்படுதல். ‘இன்’ என்பதோடு சேரின் மழை, நோய் முதலியன தொடங்கி நிலைபெறுதல்.

இவ்வியைபை நோக்காதுவிடின் விளையும் கேடு சிறிதன்று. ‘செற் அசைட்’ என்னுந் தொடர் பணத்தைப் பற்றி வருமாயின், பிற்காலத் தேவைக்கென ஒதுக்கி வைத்தலாகும். மேன்முறையீட்டு நீதிமன்றம் கீழ்நீதிமன்றத் தீர்ப்பொன்றை அவ்வாறு செய்ததாயின், அத்தீர்ப்பு இரத்தாயிற்று என்பது பொருள். முன்னையதிற் பொருள் பேணப்படுகின்றது, பின்னையதில் அழிக்கப்படுகின்றது. இதனை ‘தீர்ப்பை ஒதுக்கி வைத்தது’ என மொழிபெயர்ப்போன், தண்டனை நீங்கிய ஒருவனை இன்னும் தீர்ப்பை எதிர்நோக்கி நிற்பவனாக்கி விடுகின்றான்.

சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதியை முன்னையோர் நெட்டுருச் செய்தனர். அவர்க்கு அது பயன்பட்டமைக்குக் காரணம், அவர் அச்சொற்களைப் பின்னர் இலக்கியங்களில் அவ்வவ்விடத்து எதிர்ப்பட்டமையே. ஆங்கிலம் கற்போரும் சொல்லையும் அதன் பொருளையும் மட்டும் ஏட்டிற் குறித்துக்கொள்ளாது, அது நின்ற வாக்கியம் முழுவதையும் எழுதிக்கொள்வாராக. வாக்கியத்தை இறுதிவரை படித்த பின்னரே அகராதியைத் திறப்பாராக. அங்ஙனம் பழகுவோர்க்கு 430 பொருளும் சுமையாகா. ஒரு சொல்லின் பல தொழில்களாகவே தோன்றும்.