வலியும் அபினும்

அபின் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு அச்சமே முதலில் எழுகிறது. ஆயினும், அதிலிருந்து எடுக்கப்படும் மார்பீன் கடும் வலியைத் தணிப்பதில் தலைசிறந்த மருந்துகளுள் ஒன்று. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த பொம்மசந்திராவில் 2009-ஆம் ஆண்டு முதல் பெரிய புற்றுநோய் மருத்துவமனை ஒன்று இயங்கிவருகிறது. அத்திப்பள்ளி, ஜிகணி முதலிய ஊர்களில் தொழில் நிமித்தம் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றில் ஒருவருக்கு அந்நோய் கண்டு, மருத்துவர் மார்பீன் எழுதிக்கொடுத்தால், "இது பழக்கமாகிவிடாதா? மூச்சை நிறுத்திவிடாதா?" என்று உறவினர் கலங்குவது இயல்பே. அக்கலக்கத்தினால் மருந்தை மறைத்துவைத்து, நோயாளியை வலியில் துடிக்கவிடுவோரும் உண்டு. ஆதலின், அம்மருந்து உடலில் எங்கே, எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

நரம்பணுக்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் என்னும் நுண்ணிய புரத அமைப்புகள் உள்ளன. அவற்றைப் பூட்டுகளுக்கு ஒப்பிடலாம்; பொருந்தும் சாவி வந்தாலன்றி அவை திறவா. அபின் வகைப் பொருள்களுக்கெனத் தனி ஏற்பிகள் இருப்பதை 1973-இல் அமெரிக்காவில் காண்டேஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் ஆகியோர் மெய்ப்பித்தனர். கசகசாச் செடியின் பாலுக்கு நம் மூளையில் பூட்டு எதற்கு? 1975-இல் ஸ்காட்லாந்தில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்னும் இருவர் விடை கண்டனர். வலியை அடக்கும் என்கெபலின் என்னும் பொருளை மூளையே சுரக்கிறது. பூட்டு அதற்காக அமைந்தது. மார்பீன் அதில் நுழையும் அயற்சாவி.

இவ்வேற்பிகளில் மியூ, கப்பா, டெல்டா என மூன்று முதன்மை வகைகள் உண்டு. மூன்றும் நரம்பணுவின் துடிப்பைத் தணிப்பவை. எனினும், அமைந்த இடத்திற்கேற்ப விளைவு மாறுகிறது. மார்பீன் பெரிதும் நாடுவது மியூவை. முதுகுத்தண்டில் அது வலிச் செய்தியைத் தடுக்கிறது. மூளையின் இன்ப மையத்தில் களிப்பைத் தூண்டுகிறது. மூளைத்தண்டில் சுவாசத்தை மெதுவாக்குகிறது. குடலில் மலச்சிக்கலை உண்டாக்குகிறது. கப்பாவும் வலியைக் குறைக்கும். ஆனால் களிப்புக்கு மாறாக மனச்சோர்வையும் மருட்சியையும் தரவல்லது. டெல்டா மனநிலையோடும் பதற்றத்தைத் தணிப்பதோடும் தொடர்புடையது.

நன்மையையும் தீமையையும் பிரிக்க இயலாதா? 1996-இல் மியூ ஏற்பி இல்லாத எலிகளை விஞ்ஞானிகள் உருவாக்கி ஆராய்ந்தனர். அவ்வெலிகளுக்கு மார்பீன் வலியையும் தணிக்கவில்லை, நாட்டத்தையும் ஊட்டவில்லை. இரண்டும் ஒரே வாயில் வழியே வருகின்றன என்பது அதனால் விளங்கிற்று. ஆகவே, மார்பீனைப் பொறுத்தவரை நன்மை தீமைகளைப் பிரிப்பது அளவும் மேற்பார்வையுமே.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். நாளடைவில் உடல் மருந்துக்குப் பழகிப்போவது வேறு. கேடு விளையினும் விடமுடியாமல் மனம் அதையே நாடும் அடிமைத்தனம் வேறு. வலிக்காக, மருத்துவர் வகுத்த அளவில் மார்பீன் உண்ணும் புற்றுநோயாளியிடம் முன்னது இயல்பு, பின்னது அரிது. சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தும்பொழுது சுவாச அபாயமும் வெகுவாகக் குறைகிறது. மலச்சிக்கல் மட்டும் எளிதில் நீங்காது. அதற்கு உடன் மருந்து தேவை. மருந்தைத் திடீரென நிறுத்தலாகாது. மதுவோடும், மருத்துவர் அறியாத தூக்க மாத்திரைகளோடும் சேர்த்தல் உயிருக்கே ஆபத்து. பிறருக்காகத் தந்த மாத்திரையை உடல் அலுப்புக்கென விழுங்குவதும் அத்தகையதே. அளவு மிஞ்சிச் சுவாசம் தளர்ந்தால் நலாக்சோன் என்னும் மாற்று மருந்து உண்டு. அது மியூவைப் பற்றி மார்பீனை வெளியேற்றுகிறது. தாமதமின்றி மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

சட்டமும் இவ்விரு பக்கங்களையும் கருதியே அமைந்துள்ளது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டு, நோயாளிகளுக்கு மார்பீன் கிடைப்பது எளிதாக்கப்பட்டது. பழக்கத்திலிருந்து மீள விழைவோருக்குப் பெங்களூரில் நிம்ஹான்ஸ் நிறுவனம் சிகிச்சை அளிக்கிறது. அரசாங்கத்தின் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனையைத் தமிழிலும் பெறலாம். மொழி வேறான ஊரில் வாழ்கிறோம் என்பதற்காக ஐயத்தை மனத்துள்ளேயே அடக்கிக்கொள்ள வேண்டுவதில்லை. மருந்தை மறைத்துவைக்குமுன் மருத்துவரைக் கேட்போமாக.